மோடத்தைச் சரிசெய்ய உங்கள் செல்போன் எதற்கு?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னக் காபித் தோட்டத்தோடு குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு 71 வயது. கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மழை பிடித்ததிலிருந்து நெட் ஒழுங்காக இல்லை, மோடத்தில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது. கூகுளில் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி இவர் போன் செய்தார். யாரும் எடுக்கவில்லை. கால் மணி நேரத்தில் வேறொரு நம்பரிலிருந்து ஒருவன் கூப்பிட்டு, 'பிராட்பேண்ட் டெக்னிக்கல் சப்போர்ட்' என்று மரியாதையாகப் பேசினான். இவர் பெயரையும் சொன்னான். செல்போனில் ஒரு ஆப் போடச் சொல்லி, அதில் வந்த நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டான். புகார் பதிவுக்குப் பத்து ரூபாய் கட்ட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினான். இவர் அதில் ஏடிஎம் கார்டு விவரங்களை அடித்துவிட்டார். மெசேஜ் மேல் மெசேஜாக வரும் சத்தம் கேட்டு நான் ஓடிவந்து போனை அணைப்பதற்குள் 25,000, 23,500 என்று இரண்டு தடவையாக 48,500 ரூபாய் போய்விட்டது. நான்கு நாள் ஆகிறது. வெளியே சொன்னால் மானம் போகும் என்று போலீசுக்குப் போக மறுக்கிறார். பையனிடமும் சொல்லக் கூடாதாம். சரியாகச் சாப்பிடுவதில்லை. நெட்டையே வெட்டிவிடலாம் என்கிறார். பணம் திரும்ப வருமா? பெயர் எப்படித் தெரிந்தது? மோடத்தை மாற்ற வேண்டுமா?
— ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி

ஆலோசனை:

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே போன் செய்து, முதலில் 1930-க்குப் பேசுங்கள் என்று சொன்னேன். மற்ற குடும்பங்களுக்கும் உதவட்டும் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். சேலத்தில் இணைய இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் இருபது வருடத்துக்கும் மேலாக என் தொழில். எங்கள் தொழிலின் பெயரைச் சொல்லித்தான் உங்கள் வீட்டில் திருடியிருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்கு உண்டு.

பணம் போனது தெரிந்த நொடியே 1930-ஐ அழைக்க வேண்டும். இணையப் பண மோசடிக்கென்று நாடு முழுவதற்கும் உள்ள எண் அது. ஏன் இவ்வளவு அவசரம் என்றால், போன பணம் நேராகத் திருடன் கைக்குப் போய்விடாது. கமிஷனுக்கு ஆசைப்பட்டு யாரோ வாடகைக்கு விட்ட கணக்கில் விழும், அங்கிருந்து ஐந்தாறு கணக்குகளுக்குப் பிரியும், கடைசியில் எங்கோ ஒரு ஏடிஎம்மில் நோட்டாக வெளியே வரும். 1930-இல் புகார் பதிவானதும் அந்தந்த வங்கிகளுக்குத் தகவல் போகும். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கிவிடுவார்கள். நான்கு நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. மொத்தமும் கிடைக்காவிட்டாலும் ஒரு பகுதி எங்காவது சிக்கியிருக்கலாம். பணம் போன தேதி, நேரம், தொகை, வங்கி அனுப்பிய மெசேஜில் உள்ள பரிவர்த்தனை எண், அவன் கூப்பிட்ட நம்பர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். அவன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள். புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, வங்கிக் கிளைக்குப் போய் எழுத்து மூலமாகவும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். சேலம் மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் தனித்தனி. ஏற்காட்டுக்கு மாவட்டத்தின் நிலையம்தான்.

பணம் வருமா என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் இதற்கு விதி வகுத்தது. வாடிக்கையாளர் பக்கமும் வங்கி பக்கமும் தவறு இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்திருந்தால், 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமே கிடையாது. வாடிக்கையாளரே கார்டு விவரத்தையோ ஓடிபியையோ கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போன பணம் அவர் தலையில். சொன்ன பிறகு போனால் அது வங்கியின் தலையில். உங்கள் விஷயம் இரண்டாவது வகை. அதனால் வங்கியை நம்பி இருப்பதைவிட, முடக்கப்பட்ட தொகை ஏதாவது இருந்தால் அதைத் திரும்பப் பெறுவதுதான் உங்களுக்கு உள்ள வழி. அதற்கும் அடிப்படை 1930-இல் கொடுத்த புகார்தான். மாதக்கணக்கில் ஆகலாம். வரும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது.

பெயர் தெரிந்ததில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு செல்போன் எண்ணை எந்த யுபிஐ ஆப்பில் அடித்தாலும், அது யுபிஐயில் இணைந்திருந்தால் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் அப்படியே வரும். பணம் அனுப்ப வேண்டியதில்லை, எண்ணை அடித்தாலே போதும். ட்ரூகாலர் போன்ற ஆப்களும் பெயரைக் காட்டும். ஆகவே பெயர் சொன்னான், ஊர் சொன்னான் என்பதெல்லாம் சான்று ஆகாது. உங்களுக்கு நெட் பிரச்சினை என்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்றால், உங்கள் வீட்டுக்காரரேதான் கூகுளில் கிடைத்த நம்பருக்குப் போன் செய்தார், யாரும் எடுக்காவிட்டாலும் அந்த அழைப்பே அவனுக்குத் தெரிவித்துவிட்டது. அந்த நம்பரே அவர்கள் விரித்த வலை. போலிப் பக்கங்களிலும், வரைபடத்தில் கடை பெயரில் போலிப் பதிவுகளிலும் தங்கள் நம்பரைப் போட்டு வைத்து, யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துத் திரும்பக் கூப்பிடுவார்கள். சமூக ஊடகத்தில் 'மூன்று நாளாக நெட் இல்லை' என்று செல்போன் எண்ணோடு புகார் போடுகிறவர்களையும் இப்படித்தான் பிடிக்கிறார்கள். வேறு சிலர் நம்பர் வரிசையாகக் கூப்பிட்டு 'நெட் ஸ்லோவா இருக்கா சார்?' என்று கேட்கிறார்கள். மழை நாளில் ஏற்காட்டில் இந்தக் கேள்விக்கு யார் இல்லை என்பார்?

இனி, நிஜமான பழுது எப்படிச் சரியாகிறது என்று ஒரு முறை தெரிந்துகொண்டால், போலியை உங்களாலேயே கண்டுபிடிக்க முடியும். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் வீட்டுக்கு வருவது தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது. அந்த வெளிச்சத்தை வாங்கி நெட்டாக மாற்றித் தருவதுதான் நீங்கள் மோடம் என்று சொல்லும் டப்பா. உங்கள் இணைப்பு எண்ணை எங்கள் அலுவலகக் கணினியில் அடித்தாலே டப்பா உயிரோடு இருக்கிறதா, கரண்ட் போய் அணைந்ததா, கேபிள் அறுந்து அணைந்ததா, அதற்குள் விழும் வெளிச்சம் எவ்வளவு என்பதெல்லாம் தெரியும். வெளிச்சத்தை டிபிஎம் என்ற அளவில் சொல்வோம். மைனஸ் 20 சுற்றி இருந்தால் நல்ல இணைப்பு. வெளிச்சம் அதைவிடக் குறைந்து மைனஸ் 27-ஐத் தாண்டினால் தடுமாறும், சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். உங்கள் மலையில் சில்வர் ஓக் கிளை கேபிள் மேல் சாய்ந்தாலோ, குரங்கு தொங்கினாலோ, எங்கள் பையன் போட்ட ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கினாலோ இதுதான் நடக்கும். சரிசெய்ய ஒரு ஆள் ஏணியோடு வந்து, இழையின் இரண்டு முனைகளையும் வெட்டித் துடைத்து, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும்.

இதில் உங்கள் செல்போனுக்கு எங்கே வேலை? எங்குமே இல்லை. ஏடிஎம் கார்டுக்கும் இல்லை. வீட்டுக்குள் வரும் கேபிளில் உள்ள பழுதை செல்போனில் ஆப் போட்டுச் சரிசெய்யும் வித்தை இந்தத் தொழிலில் கிடையாது. நாங்கள் போனில் பேசினால் எதைக் கேட்போம் தெரியுமா? டப்பாவில் எந்த விளக்கு எரிகிறது, என்ன நிறம், அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்துப் போட்டுப் பார்த்தீர்களா, டப்பா பக்கத்தில் நின்றால் வேகம் வருகிறதா, பின்னால் கேபிள் மடங்கியிருக்கிறதா. பேச்சு டப்பாவைச் சுற்றியேதான் இருக்கும். பேச்சு டப்பாவை விட்டு உங்கள் செல்போன் திரைக்குத் தாவும் இடத்தில் போனை வைத்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பம் வரலாம். சில நிறுவனங்களில், வீட்டுக்கு வந்து வேலையை முடித்த டெக்னீஷியன் புகாரை மூட உங்கள் போனுக்கு வரும் ஒரு எண்ணைக் கேட்பார். அது உண்மையான நடைமுறைதான். அப்போதும் மெசேஜை முழுதாகப் படியுங்கள். அனுப்பியது உங்கள் நெட் கம்பெனியா, எதற்காக என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வங்கி அனுப்பும் ஓடிபி மெசேஜில் பெரும்பாலும் தொகையும் எழுதியிருக்கும். ரூபாய்க் கணக்கு உள்ள எந்த எண்ணையும் யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

கணினி வைத்திருப்பவர்களிடம் இதே நாடகத்தை வேறு மாதிரி போடுவார்கள். செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஒரு நாள் பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். நெட் கம்பெனி என்று பேசியவன் அவரைக் கணினியில் ஈவென்ட் வியூவர் என்ற பக்கத்தைத் திறக்கவைத்து, அதில் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும் நூற்றுக்கணக்கான குறிகளைக் காட்டி, 'இவ்வளவு வைரஸ் உங்க லைன் வழியா வெளியே போகுது, இன்னைக்கே நிறுத்தலேன்னா கனெக்‌ஷனைக் கட் பண்ணிடுவோம்' என்றிருக்கிறான். நான் நேரில் போய் உட்கார்ந்து, என் மடிக்கணினியிலும் அதே பக்கத்தைத் திறந்து அவர் கணினி பக்கத்தில் வைத்தேன். அதிலும் அதே சிவப்பு, அதே மஞ்சள். விண்டோஸ் தனக்குள் நடக்கும் சின்னச் சின்னத் தடங்கல்களை எல்லாம் குறித்து வைக்கும் நாட்குறிப்பு அது. நன்றாக ஓடும் கணினியிலும் அப்படித்தான் இருக்கும். இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குக் கை நடுக்கம் நின்றது.

உங்கள் வீட்டுக்காரர் போட்ட ஆப்பும் தனிப்பட்ட முறையில் கெட்டதில்லை. தூரத்தில் இருந்து வேறொரு திரையைப் பார்க்கப் பயன்படும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றைக் கணினி வேலை செய்பவர்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் வரும் எண்ணை ஒருவனுக்கு வாசித்துக் காட்டி அனுமதியும் கொடுத்துவிட்டால், உங்கள் போனுக்கு வரும் ஓடிபியை நீங்கள் படிக்கும் அதே நேரத்தில் அவனும் படிப்பான். கார்டு விவரத்தை லிங்கில் வாங்கிக்கொண்டான், ஓடிபியைத் திரையில் பார்த்துக்கொண்டான். உங்கள் பணம் போன வழி இதுதான். எனிடெஸ்க்கைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இப்போது அதைவிட மோசமாக, ப்ளே ஸ்டோருக்கே போகவிடாமல் வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் கோப்பை அனுப்புகிறார்கள். அதைத் தொட்டு நிறுவிவிட்டால் மெசேஜ்கள் தாமாகவே அவனுக்குப் போகத் தொடங்கும்.

போன் வந்த எண்ணை வைத்து நிஜம் எது, பொய் எது என்று கண்டுபிடிக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். வங்கி போன்ற நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 160 என்று தொடங்கும் எண்களை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஊர் நெட் டெக்னீஷியன் சாதாரண பத்து இலக்க செல்போனில்தான் கூப்பிடுவார், திருடனும் அதிலேதான் கூப்பிடுவான். எண்ணைப் பார்த்துப் பிரிக்க வழியில்லை. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: அவர்கள் கூப்பிட்டால் பேச்சை வளர்க்காமல் வைத்துவிட்டு, உங்கள் பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்கள் கூப்பிடுங்கள். உண்மையிலேயே புகார் இருந்தால் அங்கே தெரியும். மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். எங்கள் பையன்களிடம், 'வெச்சுட்டு ஆபீஸுக்குக் கூப்பிட்டுக் கேட்டுக்கறேன்'னு யாராவது சொன்னால் சந்தோஷமாகச் சரி என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன். பில்லில் உள்ள எண்ணையும், உங்களுக்கு இணைப்பு கொடுத்த லைன்மேன் எண்ணையும், 1930-ஐயும் பெரிய எழுத்தில் எழுதி மோடத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு கூகுளில் நம்பர் தேடவே வேண்டியிருக்காது.

மோடத்தை மாற்ற வேண்டியதில்லை. அவன் மோடத்தைத் தொடவே இல்லை. வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் போதும். செல்போனில்தான் வேலை இருக்கிறது. முதலில் அந்த ஆப்பை நீக்குங்கள். செட்டிங்ஸில் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) என்ற பகுதியில் நீங்கள் அறியாத எதற்கும் அனுமதி இருந்தால் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தில் வேறு கருவி தெரிந்தால் வெளியேற்றுங்கள். ##002# என்று அழுத்தி டயல் செய்யுங்கள். உங்களுக்கு வரும் அழைப்புகளை யாராவது வேறு எண்ணுக்குத் திருப்பி வைத்திருந்தால் அது ரத்தாகும். ஏடிஎம் கார்டை முடக்கிப் புதிதாக வாங்குங்கள். நெட் பேங்கிங் பாஸ்வேர்டை இந்தப் போனில் மாற்றாமல் நீங்கள் நம்பும் வேறொரு கருவியில் மாற்றுங்கள். போனைச் சுத்தம் செய்து முடித்த பிறகு யுபிஐ பின்னையும் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே எதையாவது நிறுவியிருந்தால், புகாருக்குத் தேவையான செய்திகளைப் படம் எடுத்து வேறு இடத்தில் சேமித்துவிட்டு, போனை முழுதாக அழித்துப் புதிதாகத் தொடங்குவதுதான் நல்லது. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதி 2024 மார்ச் முதல் இருக்கிறது. பணம் போகாமல் தப்பித்தவர்கள், இப்படிக் கூப்பிட்ட நம்பரை அங்கே தெரிவிக்கலாம். பணம் போயிருந்தால் 1930-தான்.

இன்னொரு அழைப்பு வரும் என்று எதிர்பார்த்தே இருங்கள். ஒரு முறை ஏமாந்தவர்களின் எண்கள் அவர்களுக்குள் கைமாறும். 'சைபர் போலீஸ் பேசறோம், உங்க பணத்தைப் பிடிச்சுட்டோம், விடுவிக்க ஐயாயிரம் கட்டணும்' என்பான் ஒருவன். 'உங்க நம்பர் ஒரு குற்ற வழக்குல இருக்கு, கேமரா முன்னாடி உட்காருங்க, டிஜிட்டல் அரெஸ்ட்' என்பான் இன்னொருவன். டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று நம் சட்டத்தில் இல்லை. பணத்தை மீட்டுத் தரப் போலீஸ் கட்டணம் கேட்காது. டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பும் உங்கள் இணைப்பைத் துண்டிப்பதாகப் போன் செய்யாது.

இப்போது உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி. கடிதத்தில் என் மனதை உறுத்தியது போன பணத்தைவிட, அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்ற வரிதான். என் பெரியப்பா அம்மாப்பேட்டையில் தறி வைத்திருந்தவர். இதே மாதிரி பணத்தை விட்டுவிட்டு மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்தார். இதே தொழிலில் இருக்கும் என்னிடம்கூடச் சொல்லவில்லை. பாஸ்புக் கண்ணில் பட்டுப் பெரியம்மா கேட்டபோதுதான் வெளியே வந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. உங்கள் வீட்டுக்காரர் ஏமாந்ததை அறிவுக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். காலமெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மனிதர்கள் மரியாதையாகப் பேசி, ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி வேலை நடந்த இடத்தில் இருந்தவர். அந்தப் பழக்கத்தைத்தான் திருடினார்கள். பையனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். 'ஏம்பா இப்படிப் பண்ணினே' என்ற ஒரு வார்த்தை மட்டும் வரக் கூடாது என்று பையனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போனையும் அவரிடமிருந்து பிடுங்கி வைக்காதீர்கள். பென்ஷன் வரும் கணக்கைப் போனிலிருந்து பிரித்துவிட்டு, வேறொரு கணக்கில் நாலாயிரம் ஐயாயிரம் மட்டும் போட்டு அதை யுபிஐயில் இணைத்துக் கொடுங்கள். மளிகைக்கும் பஸ்ஸுக்கும் அது போதும். ஒருவேளை மறுபடி தவறினாலும் அதற்கு மேல் போகாது.

நெட்டை வெட்ட வேண்டாம். உங்கள் உண்மையான பழுது இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இவ்வளவு நடந்தும் அந்தச் சிவப்பு விளக்கை யாரும் வந்து பார்க்கவில்லை. டப்பாவின் பின்னால் மெல்லிய கேபிள் எப்படி வருகிறது என்று பாருங்கள். டம்ளர் வாய் அளவைவிடக் குறுகலாகச் சுருண்டிருந்தால் மெதுவாகத் தளர்த்திவிடுங்கள். முனையைக் கழற்றித் துடைக்கவோ கண்ணருகில் வைத்துப் பார்க்கவோ கூடாது, அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுதல். வாசலிலிருந்து கம்பம் வரை நடந்து, கிளை எதுவும் கேபிள் மேல் சாய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். பிறகு பில்லில் உள்ள எண்ணுக்கு உங்கள் வீட்டுக்காரரையே கூப்பிடச் சொல்லுங்கள். லைன்மேன் வந்ததும் கேபிளை மீட்டரில் மாட்டிப் பார்ப்பார். என்ன எண் காட்டுகிறது என்று இவர் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள், பழுது எந்த இடத்தில் இருக்கலாம் என்று அவருக்கே பதில் போடுகிறேன்.